வாரண்டி ஒண்ணும் போகல

தப்பா நெனைக்காதீங்க தம்பி, நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. பக்கத்துல உக்காந்துக்கிட்டு காதையா பொத்திக்க முடியும்? புதுக் கார் வாங்கிருக்கீங்க போல. நல்லா இருங்க. ஆயில் மாத்த கம்பெனி ஷோரூமுக்கே விடணுமா, தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்புல மாத்திக்கலாமா, வெளிய மாத்துனா வாரண்டி போயிருமான்னு யாரையோ கேட்டீங்க. மாமனாரையா? சரி, யாரோ. அவரு என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கேள்விய என்னய விட அதிகமா கேட்டவன் மதுரை ஜில்லாவுலயே கெடையாது. ஆண்டிபட்டிதானே இறங்குறீங்க? நானும் அங்கதான். கணவாய் தாண்டுற வரைக்கும் நேரம் கெடக்கு. சொல்றேன். கேட்டுட்டு நியாயத்தச் சொல்லுங்க.

நான் கூட்டுறவு பேங்க்ல செக்ரட்டரியா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு கையெழுத்து கொறஞ்சாக் கூட பேப்பரத் திருப்பி விட்டுருவேன். சிடுமூஞ்சின்னு முதுகுக்குப் பின்னால சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க, எனக்கென்ன. எதையும் படிச்சுப் பாக்காம செய்யுற பழக்கம் எனக்குக் கெடையாது. கார் வாங்குனப்போ கூடவே ஒரு புத்தகம் குடுத்தாங்க பாருங்க, வாரண்டி புத்தகம். உங்களுக்கும் குடுத்திருப்பாங்க. நீங்க பிரிச்சே பாத்திருக்க மாட்டீங்க. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிச்சேன்.

அதுவரைக்கும் எனக்கு வாய்ச்சதெல்லாம் பழைய வண்டிதான். ஒருத்தன் ஓட்டி, இன்னொருத்தன் ஓட்டி, மூணாவதா என் கைக்கு வரும். அதப் பாத்து வாங்குறது, தட்டி ஓட வைக்கிறது எல்லாம் வீரணன் பொறுப்பு. வீரணன் யாருன்னா என் மச்சினன். என் வீட்டுக்காரி இந்திராணிக்குத் தம்பி. ஆண்டிபட்டியில கார் ஷெட் வச்சிருக்கான். பெரிய ஷெட் இல்ல, நாலு வண்டி நிக்கும். ஆனா வேலக்காரன். அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம ஆனா மதுரைக்கு வந்துருவான். வாசல்ல செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி வண்டி பானெட்டத் தொறந்துருவான். "என்ன மச்சான், வண்டி இருமுது, நீங்க கவனிக்கவே இல்ல"ம்பான். உள்ள இருந்து இவ கத்துவா, "மொதல்ல வந்து சாப்புடுடா, வண்டி எங்கயும் ஓடிறாது"ன்னு. அப்படி ஒரு காலம் தம்பி. இப்ப ஞாயித்துக்கெழம வந்தா வீட்டுல டிவி மட்டும்தான் பேசுது.

சரி, விசயத்துக்கு வர்றேன். ரிட்டையர் ஆன காசுல, பொண்ணு கல்யாணத்துக்கு ஒதுக்குனது போக, ஒரு புதுக் கார் வாங்குனேன். வெள்ளைக் கலரு. சீட்டுல போட்ட பிளாஸ்டிக்க ஆறு மாசம் நான் கிழிக்கல. ஷோரூம்ல ஒரு பையன், கழுத்துல டையெல்லாம் கட்டிக்கிட்டு, சாவி குடுக்குறப்பவே சொல்லிட்டான். "சார், எக்காரணம் கொண்டும் வெளிய ஆயில் மாத்திறாதீங்க, வாரண்டி கேன்சல் ஆயிரும்"னு. புத்தகத்துல அது தெளிவா இல்ல, ஆனா அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து வீரணன்கிட்ட சொல்லிட்டேன். "மாப்ள, இது பழைய வண்டி மாதிரி இல்ல, இதுல நீ கைய வைக்கக் கூடாது"ன்னேன். அவன் சிரிச்சான். "சரி மச்சான், தூரமா நின்னு பாத்துக்கிறேன்"னான். சொல்லிட்டேனா இல்லையா? நியாயமாச் சொல்லுங்க, நான் சொல்லிட்டேன்.

அப்புறம் சிந்துஜாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. என் பொண்ணு, ஒரே பொண்ணு. பத்திரிகை வைக்கிறதுக்கு தேனி, திண்டுக்கல், கம்பம், ராஜபாளையம்னு வண்டி ஓடுன ஓட்டம் கொஞ்சநஞ்சமில்ல. ஆயில் மாத்துற கணக்கு தாண்டிருச்சு. ஷோரூம்ல கேட்டா கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் தேதி இருக்குன்னுட்டாங்க. நானும் கல்யாண வேலையில அத விட்டுட்டேன்.

தாய்மாமன்னா எங்க பக்கம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். மாமன் மாலை போடாம பொண்ணு மணவறைக்கு வர மாட்டா. வீரணன் சும்மா வரல தம்பி. மேளம், தட்டு, பட்டுச் சேலைன்னு ஆண்டிபட்டியில இருந்து ஒரு வேன் சனத்தோட வந்து இறங்குனான். மொத நாளே என்கிட்ட சாவிய வாங்கிட்டான். "பொண்ணு மாப்பிள்ளை போற வண்டி, நான் கழுவிப் பூக் கட்டிக் கொண்டாறேன் மச்சான், அது மாமன் வேலை"ன்னான். சரின்னு குடுத்தேன். கழுவுறதுக்கும் பூக் கட்டுறதுக்கும்தான் குடுத்தேன்.

காலைல மண்டபத்து வாசல்ல வண்டி வந்து நிக்கிது. அடேயப்பா, அப்படி ஒரு ஜோடனை. மல்லிகையும் ரோசாவுமா, கண்ணு பட்டுரும் போல. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்குறாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்பப் பாத்து இவன் வர்றான். சட்டையக் கூட மாத்தல. வாயெல்லாம் பல்லு. எல்லார் முன்னாலயும் சொல்றான், "மச்சான், புள்ளைக்கு மட்டுமில்ல, உங்க வண்டிக்கும் சீர் செஞ்சுட்டேன். ஆயில் கருத்துப் போயிக் கெடந்துச்சு. புது ஆயில், புது ஃபில்டர். விடியக்காலைல நானே கீழ படுத்து மாத்துனேன். இனி கவலையில்லாம ஓட்டுங்க"ன்னு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. தலையில கல்லத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிருச்சு. வாரண்டி போச்சு! ஆயுசுல ஒரு தடவை வாங்குன புது வண்டி, அதுக்கு வாரண்டி போச்சு! எனக்குக் கோவம் வந்தா நிதானம் இருக்காது, அது என் பொறவிக் குணம். "எவன்டா ஒன்னயத் தொடச் சொன்னது"ன்னுட்டேன். "இது என்ன ஒன் ஷெட்டுக்கு வர்ற ஓட்ட வண்டியா, படிச்சவன் செய்யுற வேலைடா அது"ன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், வாய்ல வந்ததெல்லாம். மேளக்காரரு நிறுத்திட்டாரு. சம்பந்தியம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அவன் "இல்ல மச்சான், கம்பெனி ஆயில்தான், புத்தகத்துல போட்டிருக்குற அதே கிரேடுதான்"னு ஒரே ஒரு தடவை சொன்னான். நான் காதுல வாங்கல. வாடகைக் கார் டிரைவரக் கூப்புட்டு, "வண்டிய இப்பவே ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போ, எல்லாத்தையும் வடிச்சுட்டு அவங்க ஆயில ஊத்தச் சொல்லு"ன்னு அனுப்பிட்டேன். பூவோடதான். பூவ அவுக்க எங்க நேரம் இருந்துச்சு?

ஆமா, பொண்ணு மாப்பிள்ளை அப்புறம் வாடகைக் கார்லதான் போனாங்க. சிந்துஜா ஒண்ணும் நெனைக்கல. அழுதா, ஆனா கல்யாணத்தன்னைக்கு எந்தப் பொண்ணுதான் அழுகல?

அதோட முடிஞ்சிருக்கணும் தம்பி. நான் அத்தோட விட்டுட்டேன். முகூர்த்த நேரம் வந்துருச்சு, மாமன் மாலை போடணும். இவன் தட்டுல இருந்து மாலைய எடுக்கக் கைய நீட்டுறான். நகத்துக்குள்ள எல்லாம் கருப்பு. அது என்ன கழுவுனாலும் போகாது, அந்தத் தொழில் அப்படி. ஆனா சம்பங்கி மாலை, வெள்ளை வெளேர்னு இருக்கு. போட்டோக்காரரு வேற நிக்கிறாரு. நான், "கையக் கழுவிட்டு வந்து மாலையத் தொடுடா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. சுத்தமா இருன்னு சொல்றது ஒரு குத்தமா?

போயிக் கழுவுனான். பந்திக்குப் பக்கத்துல இருக்குற குழாயில. ரொம்ப நேரம் கழுவுனான். ஐயரு அவசரப்படுத்துறாரு, நான் ஆள் அனுப்புறேன், அக்காக்காரி போயி அவன் பக்கத்துல நிக்கிறா. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, அவன் தேச்சுக்கிட்டே இருக்கான். அப்புறம் வந்தான். ஒரு துண்டக் கையில சுத்திக்கிட்டு, துண்டோட மாலைய எடுத்து புள்ளை கழுத்துல போட்டான். ஆசீர்வாதம் பண்ணான். எல்லா முறையும் செஞ்சான், ஒண்ணு விடல. சாப்புடாமப் போயிட்டான். ஒரு வேன் சனமும் சாப்புடாம ஏறிருச்சு. அத்தனை இலை வீணாப் போச்சு.

அன்னைக்கு சாயங்காலம் ஷோரூம்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அந்த டை கட்டுன பையன் இல்ல, வேற பொண்ணு. "சார், ஆயில் சரியான கிரேடுதான், ஃபில்டரும் ஒரிஜினல்தான். எதுக்கு வடிக்கணும்? வாரண்டிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. இதனால ஏதாவது கெட்டுப் போனாத்தான் அந்தப் பேச்சே. யாரு மாத்துனது, ரொம்ப நீட்டா செஞ்சிருக்காங்க"ன்னுச்சு. "வெளிய விடாதீங்கன்னு நாங்க எல்லாருக்கும் சொல்றதுதான் சார்"னு சிரிச்சுச்சு. அப்புறம், "பூவெல்லாம் வாடிருச்சு சார், எடுத்துறட்டுமா"ன்னு கேட்டுச்சு. எடுத்துரும்மான்னேன்.

ஆமா, அன்னைக்கே தெரியும். என்ன அப்படிப் பாக்குறீங்க? அன்னைக்கே போயிச் சொல்லியிருக்கணும்ங்கிறீங்களா? எப்படிச் சொல்றது தம்பி? ஊரே பாக்க அம்புட்டுப் பேசிட்டு, மறுநாளே போயி, வாரண்டி போகலடான்னு நின்னா என் மருவாதி என்ன ஆகுறது? மூத்தவன் நான். அதுவுமில்லாம அவன் தலைக்கு மேல ஏறி உக்காந்துக்க மாட்டானா? கொஞ்சம் ஆறட்டும்னு இருந்தேன். தீபாவளிக்கு வருவான், அப்ப பேச்சுவாக்குல சொல்லிக்கலாம்னு இருந்தேன். வரல. பொங்கலுக்கு அக்காவுக்கு சீர் வந்துச்சு, அவன் வரல. ஷெட்டுல வேலை பாக்குற ஆளுகிட்ட குடுத்து விட்டிருந்தான்.

இவளும் ஒருமாதிரி ஆயிட்டா. சண்டையெல்லாம் போட மாட்டா. சோறு போடுவா, துணி மடிப்பா, கேட்டா பதில் சொல்லுவா. கேட்டாத்தான் சொல்லுவா. அந்த வண்டியில மட்டும் ஏற மாட்டேங்குறா. ஏசி ஒத்துக்கலையாம், கொமட்டுதாம். கோயிலுக்கா, பஸ்ஸு. ஆஸ்பத்திரிக்கா, ஆட்டோ. சிந்துஜா வீட்டுக்குப் போறப்போ நான் கார்ல போறேன், இவ பஸ்ஸுல வர்றா. சம்பந்தி சிரிக்கிறாரு. ஏசிய அமத்திட்டே ஓட்டுறேன், ஜன்னலத் தொறந்து வைக்கிறேன்னு சொல்லிட்டேன். நல்ல டாக்டர்கிட்ட காட்டணும், தலைசுத்தல் ஏதாவது இருக்கும்.

ஒரே ஒரு நாள் வாயத் தொறந்தா. நான்தான், "அப்படி என்னடி சொல்லிட்டேன் ஒன் தம்பிய, ஆயிலு விசயத்துல கோவப்பட்டுட்டேன், அவ்வளவுதானே"ன்னேன். காய் நறுக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்தா. "எங்கப்பா செத்தப்பொறம் பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஷெட்டுக்குப் போனான். அந்தக் கையில சம்பாரிச்சுத்தான் என் கழுத்துல போட்டு உங்க வீட்டுக்கு அனுப்புனான். அன்னைக்கு நீங்க அவனக் கையக் கழுவச் சொல்லலையே"ன்னா. நான் ஆயிலப் பத்திப் பேசுறேன், இவ நகையப் பத்திப் பேசுறா. பொம்பளைங்க பேச்சு ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. நானும் விட்டுட்டேன்.

இப்ப எங்க போறேன்னு கேக்குறீங்களா? வீரணன் ஷெட்டுக்குப் பின்னால வீடு கட்டிட்டான். நாளைக்குக் காலைல பால் காய்ச்சுறாங்க. கூடப் பொறந்தவதான் பால் குடத்தோட மொதல்ல வாசப்படி மிதிக்கணும். வீட்டுக்கே வந்து, தட்டுல வெத்தல பாக்கு வச்சு அக்காளுக்கு அழைப்பு வச்சுட்டுப் போயிருக்கான். எப்ப வந்தான் தெரியுமா? நான் வண்டிய சர்வீசுக்கு விட்டுட்டு ஷோரூம்ல காத்துக் கெடந்த அன்னைக்கு. வாசல்ல வண்டி இல்லைன்னு பாத்துட்டு வந்திருப்பான். எனக்கு ஒரு போன் கெடையாது. வரச் சொல்லவும் இல்ல, வர வேணாம்னு சொல்லவும் இல்ல.

அந்தா, முன்னால மூணாவது சீட்டுல, பச்சைச் சேலை, ஜன்னல் ஓரமா. தெரியுதா? அவதான் தம்பி. ஆமா, என் வீட்டுக்காரிதான். இன்னைக்குக் காலைல பையத் தூக்கிட்டுக் கெளம்புறா. கார்லயே போயிருவோம்டி, நானும் வர்றேன்னேன். செருப்ப மாட்டிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. நான் வீட்டப் பூட்டிட்டுப் பின்னாலயே ஓடி வந்து இந்த பஸ்ஸப் பிடிச்சேன். பக்கத்துல எடம் இருந்துச்சு, அதுல பைய வச்சுட்டா. கண்டக்டரு வந்து, "ரெண்டாம்மா"ன்னு என்னயக் காட்டிக் கேக்குறாரு. "ஒண்ணு"ன்னா. எங்க கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கூட இருக்குறப்போ அவ தனியா டிக்கெட் எடுத்துப் பாத்ததில்ல தம்பி. அதான் பின்னால உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

ஆனா எல்லாம் இன்னைக்குச் சரியாப் போயிரும். நான் யோசிச்சு வச்சிருக்கேன். போன ஒடனே அவன்கிட்ட சொல்லப் போறேன், "மாப்ள, வாரண்டி ஒண்ணும் போகலடா, ஷோரூம்லயே சொல்லிட்டாங்க"ன்னு. அதானே பிரச்சனை? அது தீந்துருச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு கோவிச்சுக்க? மன்னிப்பா? எதுக்குத் தம்பி மன்னிப்பு? நல்ல சேதி கொண்டுட்டுப் போறவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? "மச்சான்"னு அவன் ஒரு வார்த்த கூப்புட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இவ கார்ல ஏற வேணாம், நானும் வித்துட்டு பஸ்ஸுலயே வர்றேன். அந்த ஒரு வார்த்த போதும், என் வீடு பழையபடி ஆயிரும்.

கணவாய் தாண்டிருச்சு.

ஆண்டிபட்டி வந்தாச்சு. அங்குட்டு, டீக்கடைக்கு முன்னால பைக்க வச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, கட்டம் போட்ட சட்டை, அவன்தான் வீரணன். அக்காளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான். இளைச்சுட்டானே. முடியெல்லாம் நரைச்சிருச்சு. இவ இறங்கிட்டா. பைய வாங்கிக்கிட்டான். என்னயப் பாத்துட்டான், ஜன்னலுக்கு வர்றான். கொஞ்சம் தள்ளிக்கங்க தம்பி.

மாப்ள! ஏ மாப்ள! வாரண்டி ஒண்ணும் போகலடா! ஷோரூம்ல அன்னைக்கே சொல்லிட்டாங்க! ரொம்ப நல்லாச் செஞ்சிருக்காங்கன்னு சொன்னாங்கடா!

கேட்டீங்களா தம்பி, அவன் சொன்னத? உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? "ரொம்ப சந்தோசம். வாங்க சார்"னான். சார். ஷெட்டுக்கு வண்டி விட வர்றவங்களத்தான் அப்படிக் கூப்புடுவான். மொகத்துல கோவமே இல்ல. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். திட்டியிருந்தாக் கூட இறங்கிப் போயிருப்பேன் தம்பி.

இல்ல, நான் இறங்கல. கண்டக்டர் விசில் குடுக்கப் போறாரு, நீங்க இறங்குங்க. தேனி வரைக்கும் போயிட்டு, அப்படியே மதுரை பஸ் ஏறிக்கிறேன். இவ பைக்குல ஏறாம அங்கயே நின்னு பாக்குறா. நான் வரணும்னு பாக்குறாளா, வந்துறக் கூடாதுன்னு பாக்குறாளா? முப்பது வருசம் கூட இருந்துட்டேன், எனக்குத் தெரியலையே. இந்தாங்க தம்பி, ஒரே ஒரு ஒத்தாசை. இது அவ பிரஷர் மாத்திரை. அவசரத்துல அலமாரியிலயே வச்சுட்டு வந்துட்டா. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போடணும்னு சொல்லிக் குடுத்துருங்க. யாரு குடுத்ததுன்னு அவ கேக்க மாட்டா.